செல்லப் பிராணிக்கு இன்ஷூரன்ஸ்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

நாய், பூனைகளுக்கான காப்பீடு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கால்நடை மருத்துவமும் காப்பீட்டு விதிகளும் அறிந்த எங்கள் ஆலோசனைக் குழு பதில் சொல்கிறது.

நான்கு மாத லாப்ரடார் குட்டி வாங்கியிருக்கிறோம். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் "எல்லாமே கவர் ஆகும் மேடம்" என்கிறார். உண்மையில் எதெல்லாம் கவர் ஆகும்?
— வாசகி, தாம்பரம்

"எல்லாமே" என்று ஒரு பாலிசியும் இல்லை. நம் நாட்டில் விற்கும் நாய் பாலிசிகள் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டப்பட்டவை. அறுவை சிகிச்சை, மருத்துவமனையில் சேர்த்துப் பார்க்கும் செலவு, இறப்பு, வெளிநோயாளிச் செலவு, மற்றவரைக் கடித்தால் வரும் நஷ்டஈடு, திருட்டு அல்லது காணாமல் போவது என ஒவ்வொன்றும் தனித்தனிப் பிரிவு. இவற்றில் எது அடிப்படைப் பாலிசியில் இருக்கிறது, எதற்குக் கூடுதல் பணம் கட்ட வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இறப்புக்கு மட்டும் பணம் தரும் பழைய வகைப் பாலிசிகளும் உண்டு. அவற்றில் மருத்துவமனை பில்லுக்கு ஒரு ரூபாய்கூட வராது.

உங்கள் குட்டிக்கு முதல் ஒன்றரை வருடத்தில் என்னென்ன வரக்கூடும் என்று யோசித்துவிட்டு அந்தப் பட்டியலைப் பாருங்கள். குட்டிகளைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் அறுவை சிகிச்சை கிடையாது. நாலைந்து நாள் டிரிப்ஸ், ஊசி, ரத்தப் பரிசோதனை. லாப்ரடார் குட்டி மாங்கொட்டையையோ சாக்ஸையோ விழுங்கிக் குடலில் அடைத்துக்கொண்டால் அது அறுவை சிகிச்சை. காதில் சீழ், தோல் அரிப்பு இரண்டும் வெளிநோயாளிச் செலவு. "அறுவை சிகிச்சை மட்டும்" என்ற பாலிசியை எடுத்தால் இந்த நான்கில் ஒன்றுக்குத்தான் பணம் வரும். குட்டிக்கு எடுக்கும்போது நோய்க்கான மருத்துவமனைச் செலவு கட்டாயம் இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இதில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. "மருத்துவமனையில் சேர்ப்பது" என்றால் எத்தனை மணி நேரம் என்று பாலிசியில் எழுதியிருப்பார்கள். நம் ஊரில் நிறைய கிளினிக்குகளில் இரவு தங்க வைக்கும் வசதி கிடையாது. பார்வோ வந்த குட்டிக்குக் காலையில் டிரிப்ஸ் போட்டு, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் திரும்ப வரச் சொல்வார்கள். பாலிசி 24 மணி நேரம் தொடர்ந்து தங்கியிருக்க வேண்டும் என்று கேட்டால், ஐந்து நாள் அலைந்தும் அந்தப் பில் வெளிநோயாளிக் கணக்கில்தான் சேரும். ஆகவே நீங்கள் வழக்கமாகப் போகும் டாக்டரிடம் இரவில் வைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், பகல்நேர சிகிச்சைக்கும் பணம் தரும் பாலிசியைத் தேடுங்கள், அல்லது வெளிநோயாளிப் பிரிவைச் சேர்த்து வாங்குங்கள்.

எங்களிடம் இருப்பது கன்னி என்ற நாட்டு இன நாய். தெரிந்தவர் வீட்டில் கொடுத்தது. பில், சான்றிதழ் எதுவும் கிடையாது. பாலிசி தருவார்களா?
— வாசகர், கோவில்பட்டி

தருவார்கள், எல்லாரும் அல்ல. வம்சாவளிச் சான்றிதழ் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. நாட்டு இனங்களையும் கலப்பினத்தையும் ஏற்கும் நிறுவனங்களும் உண்டு. முதல் கேள்வியாக இதைக் கேட்டுவிட்டால் நேரம் மிச்சம்.

இலவசமாக வந்த நாய்க்கு இறப்புக் காப்பீட்டுக்கென்று கூடுதல் பணம் கட்டாதீர்கள். அந்தப் பிரிவில் நாயின் சந்தை விலையை வைத்துத்தான் தொகை முடிவாகும். வாங்கிய ரசீது இல்லாத நாய்க்கு அதை நிரூபிப்பது கஷ்டம். அந்தப் பணத்தை மருத்துவச் செலவுக்கான தொகையை உயர்த்தப் பயன்படுத்துங்கள். விபத்து, பாம்புக்கடி இரண்டும் பாலிசியில் இருக்கின்றனவா என்று தனியாகப் பாருங்கள். தோட்டம், கரிசல் காடு என்று ஓடும் வேட்டை நாய்க்கு அவைதான் முக்கியம்.

அடையாளம் இன்னொரு விஷயம். கழுத்துப்பட்டையை அடையாளமாக ஏற்க மாட்டார்கள். மைக்ரோசிப் போட்டுவிடுங்கள். அரிசி மணி அளவுள்ள இதை ஊசி மூலம் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே தோலுக்கடியில் வைப்பார்கள். 15 இலக்க எண் ஒன்று அதில் இருக்கும். நாய் எங்கே இருக்கிறது என்று இது காட்டாது. ஸ்கேனரை அருகே வைத்தால் எண்ணை மட்டும் சொல்லும். சிப் சில சமயம் தோலுக்கடியிலேயே நகர்ந்துவிடும் என்பதால், வருடாந்திரத் தடுப்பூசிக்குப் போகும்போது ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், ஒவ்வொரு பில்லிலும் மருந்துச் சீட்டிலும் அந்த எண்ணை எழுதி வாங்குவது. "பிரவுன் நிற நாய், பெயர் மணி" என்று மட்டும் இருக்கும் பில்லை வைத்து, காப்பீடு செய்த நாய் இதுதான் என்று நிரூபிக்க முடியாது.

சென்னை வாசகர்களுக்கு: நாய்க்கான மாநகராட்சி உரிமமும் அவசியம். பாலிசி விண்ணப்பத்தோடு அதன் நகலையும் இணைத்துவிடுங்கள்.

காப்பீட்டுத் தொகை 50,000 ரூபாய். அறுவை சிகிச்சைக்கு ஆன பில் 38,000. எங்கள் கைக்கு வந்தது 22,400 மட்டும். ஏமாற்றப்பட்டுவிட்டோமா?
— வாசகர், கோவை

நீங்கள் அனுப்பிய கடிதத்தையும் பாலிசி நகலையும் பார்த்தோம். கணக்கு பாலிசிப்படிதான் போடப்பட்டிருக்கிறது. வாங்கும்போது யாரும் உங்களுக்கு விளக்கவில்லை என்பதுதான் வருத்தம். மற்ற வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் படிப்படியாகச் சொல்கிறோம்.

பில்லில் சிறப்பு உணவுக்கு 2,000, தங்க வைத்ததற்கு 1,500 இருக்கின்றன. இரண்டும் மருத்துவச் செலவாக ஏற்கப்படவில்லை. மீதி 34,500. உங்கள் பாலிசியில் மொத்தத் தொகை 50,000 என்றாலும் ஒரு அறுவை சிகிச்சைக்கு 30,000 என்று உள்வரம்பு இருக்கிறது. ஆகவே 30,000. அதில் ஒவ்வொரு க்ளெய்முக்கும் நீங்கள் முதலில் ஏற்க வேண்டிய டிடக்டிபிள் 2,000 போக 28,000. அதில் 20 சதவீதம் கோ-பேமென்ட், அதாவது 5,600, உங்கள் பங்கு. மீதி 22,400.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இதே எண்களை வேறு வரிசையில் கழித்தால் விடை மாறும். 34,500-இல் முதலில் டிடக்டிபிளைக் கழித்தால் 32,500. அதில் 20 சதவீதம் போனால் 26,000. இது 30,000 வரம்புக்குள் இருப்பதால் முழுதாக வந்திருக்கும். வரம்பை முதலில் வைப்பதா கடைசியில் வைப்பதா என்ற ஒரே வித்தியாசத்தில் 3,600 ரூபாய். இரண்டு நிறுவனங்களின் விளம்பரத்தில் 50,000, 20 சதவீதம், 2,000 என்று ஒரே மாதிரி எண்கள் இருந்தாலும் அவை தரும் பணம் ஒன்றாக இருக்காது.

எனவே வாங்கும் முன் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "என் நாய்க்கு 40,000 ரூபாயில் குடல் அறுவை சிகிச்சை நடந்தால் நீங்கள் எவ்வளவு தருவீர்கள்? கணக்கை வரிசையாகக் காட்டுங்கள்." பதில் எழுத்தில் வரட்டும். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகச் சொல்வதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். வீட்டில் இரண்டு நாய் இருந்தால், அந்த 50,000 ஒரு நாய்க்கா, இரண்டுக்கும் சேர்த்தா என்பதையும் கேளுங்கள்.

இன்னொன்று. பெரும்பாலான இடங்களில் நீங்கள் முதலில் முழுப் பணத்தையும் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெற வேண்டியிருக்கும். பாலிசி இருக்கிறது என்று கையில் பணமில்லாமல் அறுவை சிகிச்சைக்குப் போக முடியாது.

எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு 6 வயது. கொஞ்ச நாளாகப் பின்னங்கால் தாங்கி நடக்கிறது. எக்ஸ்ரே எடுப்பதற்குள் பாலிசி எடுத்துவிடலாமா?
— வாசகர், திருச்சி

வேண்டாம். முதலில் எக்ஸ்ரே எடுங்கள். நாய்க்கு வலி இருக்கும்போது காத்திருப்புக் காலத்துக்காக, அதாவது பாலிசி எடுத்தபின் க்ளெய்ம் கேட்க முடியாத தொடக்க நாட்களுக்காக, சிகிச்சையைத் தள்ளிப்போடுவது பாவம். பணத்தைப் பார்த்தாலும் அது பலிக்காது. பாலிசி தொடங்கும் முன்பே அறிகுறி தெரிந்த எந்த நோயும் ஏற்கெனவே உள்ள நோய்தான். அதற்குப் பெயர் வைக்கப்பட்டிருந்ததா இல்லையா என்பது கணக்கில் வராது. க்ளெய்ம் வந்ததும் பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்பார்கள். மறைத்தது தெரிந்தால் அந்தக் கால்வலியோடு நிற்காது; முழுப் பாலிசியையும் ரத்து செய்ய அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

மனிதர்களின் மருத்துவக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருடக் காத்திருப்பு, அதன்பின் கவர் ஆகும் என்ற விதி இருக்கிறது. நாய் பாலிசிகளில் அது வழக்கமாக நிரந்தர விலக்கு. ஒரு நிறுவனத்தில் சேர்த்த காலத்தை இன்னொரு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லும் போர்ட்டபிலிட்டி உரிமையும் இங்கே இல்லை. நிறுவனம் மாறினால் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும். பழைய பாலிசி காலத்தில் வந்த நோய் புதிய நிறுவனத்துக்கு "ஏற்கெனவே உள்ள நோய்" ஆகிவிடும். புதுப்பிக்க ஒரு நாள் தவறினாலும் இதே கதிதான்.

ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் வைத்திருப்பவர்கள் விலக்குப் பட்டியலில் "பரம்பரை நோய்", "பிறவிக் குறைபாடு" என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். இந்த இனங்களில் அதிகம் வரும் இடுப்பு மூட்டுக் கோளாறு அந்த ஒரு வரியிலேயே போய்விடும். பக், ஷிட்சு போன்ற தட்டை மூக்கு இனங்களில் மூச்சுக் கோளாறு, செர்ரி ஐ எனப்படும் கண் பிரச்சினை ஆகியவையும் அப்படித்தான்.

டாக்டரிடம் சொல்லும் வார்த்தையிலும் கவனம் தேவை. நேற்று ஆரம்பித்த வாந்திக்கு "ரொம்ப நாளாவே இப்படித்தான் டாக்டர்" என்று பதற்றத்தில் சொல்லிவிடுகிறோம். அவர் அதை அப்படியே "நாள்பட்டது" என்று எழுதுவார். பிற்பாடு க்ளெய்மை மறுக்க அந்த ஒரு சொல் போதும். பொய் சொல்லச் சொல்லவில்லை. எந்தத் தேதியில் தொடங்கியது என்று நினைவுபடுத்திச் சரியாகச் சொல்லுங்கள், அந்தத் தேதியைக் குறிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் விஷயத்தில் எங்கள் ஆலோசனை, பாலிசியை விட்டுவிட்டு வங்கியில் மாதம் 1,500 ரூபாய் ஆர்.டி. (தொடர் வைப்பு) போடுவது. மூன்று வருடத்தில் வட்டி இல்லாமலே 54,000 சேரும். அதில் விலக்கு கிடையாது, டிடக்டிபிள் கிடையாது. பொதுவாகப் பெரிய இனங்களை ஏழெட்டு வயதுக்கு மேல் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள்; கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் போன்ற ராட்சத இனங்களுக்கு இந்த வயது வரம்பு இன்னும் குறைவு. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பு சிகிச்சை வசதி உண்டு. தனியாரை விடச் செலவும் குறைவு. உங்களுக்குப் பக்கம் ஒரத்தநாடு, நாமக்கல் இரண்டுமே.

பூஸ்டர் ஊசி இரண்டு மாதம் தள்ளிப்போய்விட்டது. இதை வைத்து க்ளெய்மை மறுக்க முடியுமா?
— வாசகி, சேலம்

முடியும். தடுப்பூசியால் தவிர்க்கக்கூடிய நோய்களுக்கு, ஊசி முறையாகப் போட்டிருந்தால்தான் பணம் என்பது ஏறக்குறைய எல்லாப் பாலிசிகளிலும் இருக்கும் நிபந்தனை. பார்வோ, டிஸ்டெம்பர், லெப்டோ, கல்லீரலைத் தாக்கும் அடினோ வைரஸ், ரேபிஸ் ஆகியவை இதில் வரும். குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறையாக 16 வாரம் வரை, மூன்று மாதத்தில் ரேபிஸ், அதன்பின் டாக்டர் குறித்துத் தரும் தேதியில் பூஸ்டர். தள்ளிப்போன ஊசியை இப்போதே போட்டுவிட்டு, அதன் பிறகு விண்ணப்பம் கொடுங்கள்.

தடுப்பூசிப் புத்தகத்தில் தேதி மட்டும் இருந்தால் போதாது. மருந்துக் குப்பியில் இருக்கும் ஸ்டிக்கர், டாக்டரின் கையெழுத்து, கால்நடை மருத்துவ மன்றப் பதிவு எண் மூன்றும் வேண்டும். கடையில் வாங்கி வீட்டில் தாங்களே ஊசி போடுபவர்களுக்கு இந்த இடத்தில்தான் சிக்கல்.

உண்ணிக் காய்ச்சல் இந்தக் கணக்கில் சேராது. எர்லிக்கியா, பபீசியா இரண்டுக்கும் நம் ஊரில் வழக்கமாகப் போடும் தடுப்பூசி எதுவும் இல்லை. "ஊசி போடவில்லை" என்று சொல்லி உண்ணிக் காய்ச்சல் க்ளெய்மை மறுத்தால் எதிர்த்துக் கேளுங்கள். ஆனால் "பராமரிப்பில் அலட்சியம்" என்று இன்னொரு விலக்கு இருக்கும். உண்ணி மருந்தும் குடற்புழு மருந்தும் வாங்கிய பில்களைத் தூக்கிப் போடாமல் ஒரு கோப்பில் வைத்திருங்கள்.

பக்கத்து வீட்டுப் பையனை எங்கள் நாய் கடித்துவிட்டது. பாலிசி உதவுமா?
— வாசகர், நாகர்கோவில்

முதலில் அந்தப் பையன். காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவச் செய்து, உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ரேபிஸ் ஊசி அங்கே இலவசம். உங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்பதற்காகப் பையனின் ஊசியை நீங்களாகவே தவிர்த்துவிடாதீர்கள். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாம் நபர் பொறுப்புப் பிரிவு உங்கள் பாலிசியில் இருந்தால், சட்டப்படி நீங்கள் தர வேண்டிய நஷ்டஈட்டை நிறுவனம் ஏற்கும். வீட்டில் உள்ளவர்களையோ வேலைக்கு வருபவர்களையோ கடித்தால் பொதுவாக வராது. சில இனங்களுக்கு இந்தப் பிரிவையே தர மாட்டார்கள். அக்கம்பக்கத்து உறவுக்காக உடனே ஒரு தொகை பேசி, "எங்கள் தவறுதான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு க்ளெய்ம் கேட்டால் மறுப்பார்கள். நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்கக் கூடாது என்ற நிபந்தனை பாலிசியில் இருக்கும். மருத்துவச் செலவை மனிதாபிமானமாகச் செய்யுங்கள், ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள், தகவலை உடனே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். போலீஸ் புகாராகி, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவில் அபராதம் விதித்தால், அந்த அபராதத்தை எந்தப் பாலிசியும் கட்டாது.

மாடும் நாயும் ஒரே பாலிசியில் சேருமா?
— வாசகர், ராசிபுரம்

சேராது. கறவை மாட்டுக்கு அடையாள எண் உள்ள காதுத் தோடு போட்டு, கால்நடை மருத்துவர் மதிப்பிட்டுத் தரும் தனிப் பாலிசி. தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் பிரீமியத்தில் 15 சதவீதம்தான் உங்கள் பங்கு. மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள். நாய்க்கு இந்த மானியம் கிடையாது.

ஃபிளாட்டில் பூனை வளர்க்கிறோம். பூனைக்கும் உண்டா?
— வாசகி, வேளச்சேரி

உண்டு, நாயை விடத் தேர்வுகள் குறைவு. ஆண் பூனையானால் சிறுநீர் அடைப்புக்கான அவசர சிகிச்சை கவர் ஆகிறதா, மறுபடி வந்தால் இரண்டாவது முறையும் தருவார்களா என்று கேளுங்கள். அடிக்கடி திரும்ப வரும் கோளாறு அது. பால்கனியிலிருந்து விழுவது விபத்துப் பிரிவில் வரும். பெர்ஷியன் பூனைகளின் சிறுநீரக நீர்க்கட்டி பரம்பரை நோய் என்பதால் பெரும்பாலும் வராது. பாலிசி இருக்கிறதோ இல்லையோ, பால்கனிக்கு வலை அடியுங்கள்.

நாய் இறந்தாலோ திருடு போனாலோ முதல் வேலை என்ன?
— வாசகர், ஓசூர்

இறந்தால் புதைப்பதற்கு முன் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். பெரும்பாலும் 24 மணி நேரக் கெடு இருக்கும். பிரேதப் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். நம் வெயிலில் உடல் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் ஐஸ் கட்டிகளை பாலித்தீன் பையில் போட்டுச் சுற்றி வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் திசுக்கள் சிதைந்து காரணம் கண்டுபிடிப்பது கடினமாகும். சிப் எண் அறிக்கையில் ஏறட்டும். எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுங்கள். மனம் உடைந்திருக்கும் நேரத்தில் இதையெல்லாம் செய்வது கொடுமைதான். வீட்டில் கொஞ்சம் நிதானமாக இருப்பவரிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள்.

திருட்டுக்கு, காவல் நிலையத்தில் முதலில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்புவார்கள். பல நிறுவனங்கள் எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் ஏற்கும். புகாரில் சிப் எண்ணையும் "திருடப்பட்டது" என்பதையும் தெளிவாக எழுதுங்கள். கதவு திறந்திருந்து நாய் தானாக ஓடிப்போனால் அது வேறு பிரிவு.

க்ளெய்மை மறுத்துவிட்டார்கள். கோர்ட்டுக்குத்தான் போக வேண்டுமா?
— வாசகி, மதுரை

அதற்கு முன் சில படிகள் உண்டு. மறுப்புக்கான காரணத்தையும் அதற்கான பாலிசி விதி எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். "விதிமுறைப்படி ஏற்க இயலாது" என்ற ஒற்றை வரியோடு விடாதீர்கள். அடுத்து அதே நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல். பலன் இல்லையென்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா இணையதளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் பதியலாம்.

நிறுவனம் ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். தடுப்பூசிப் புத்தகம், பாலிசி தொடங்கிய தேதிக்கு முந்தைய மருத்துவக் குறிப்புகள், பில்கள், வாங்கும் முன் நிறுவனம் எழுத்தில் தந்த பதில்கள் எல்லாவற்றின் நகலையும் தேதி வரிசையில் இணையுங்கள். மனுவை ஒரு பக்கத்துக்குள் முடித்து, எவ்வளவு தொகை கேட்கிறீர்கள் என்பதை எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள்.

இனி அந்த நிறுவனமே வேண்டாம் என்று முடிவு செய்தால், க்ளெய்ம் எதுவும் வாங்காத ஒரு வருடப் பாலிசியை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து, மீதிக் காலத்துக்கான பிரீமியத்தை விகிதப்படி திரும்பக் கேட்கலாம். ஆனால் உங்கள் புகார் நிலுவையில் இருக்கும்வரை அதைச் செய்ய அவசரப்பட வேண்டாம்.